கருமாதிக்கு வராதவன்

கோர்ட் மீது எனக்கு மரியாதை வந்தது, என் மாமா சாட்சிக் கூண்டில் ஏறிய அன்றுதான்.

எங்கள் செல்லிப்பட்டில் கரும்புக் கொல்லைக்குள் ராஜவேலு வெட்டுப்பட்டுக் கிடந்தார். மோட்டார் தண்ணீருக்காக அவரோடு சண்டை போட்ட தம்பி முருகன்தான் கொலைகாரன் என்று டீக்கடையிலேயே தீர்ப்பாகிவிட்டது. அன்று மாலையே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

மாமா மீசையை முறுக்கிக்கொண்டு சாட்சி சொன்னார்.

"முருகன் வெட்டுனதப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அவனுடைய வக்கீல்.

"பாக்கலீங்க. ஆனா சொந்த அண்ணன் கருமாதிக்கே வரல. மொட்டகூட போடல. தப்பு பண்ணாதவன் வராம இருப்பானா?"

"அன்னிக்கு அவர் எங்க இருந்தாரு?"

"ஜெயில்லதான்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு மாமாவையே பார்த்தார். எங்கள் ஊரின் மொத்த மூளையும் அந்தக் கூண்டில் நின்றுகொண்டிருந்தது. அதே காரணத்தை நானும் பலரிடம் அளந்திருக்கிறேன்.

சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆதாரமாகாது என்று சொல்லி முருகனை விடுதலை செய்தார் நீதிபதி. ஊர் திரும்பியதும் முருகன் சங்கராபரணிக் கரையில் அண்ணனுக்காக மொட்டை போட்டுக்கொண்டான்.

"இன்னா பாக்குற? செஞ்ச பாவத்தக் கழுவுறான்டா" என்றார் மாமா.

மொட்டை போடாவிட்டாலும் கொலைகாரன், போட்டாலும் கொலைகாரன். நல்லவேளை, தூக்குக் கயிறு எங்கள் ஊரார் கையில் இல்லை.