உப்பு முடிச்சு

பையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பைக்கடை. காவடியோடு வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது பஞ்சாமிர்த டப்பாவையும் விபூதியையும் போட்டுக்கொள்ள வாங்கும் துணிப்பைகளை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் அடுக்குவேன். எந்தப் பை எத்தனை நாள் தாங்கும் என்று துணியைத் தொட்டே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள், கொடைக்கானலில் ஒருத்தியின் காக்கிப் பையைப் பார்த்து இரண்டு வருஷம் வயிறு எரிந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, கொடைக்கானலில் தாய்சேய் நல நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். இருவருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. காலையில் கிளம்பி, பஸ் போகும் தூரம் பஸ்ஸில் போய், மீதியை நடந்து, மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கத்தரி, பஞ்சு, மருந்து எல்லாம் வைத்த கறுப்புப் பெட்டி அரசாங்கத்துடையது. இருவர் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மழைக்கும் குளிருக்கும் நம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள நாமே கட்டிக்கொண்டு போகும் தோள்பைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

அக்காவின் பையில் நான்கு அறைகள். பருவம் மாறும்போதெல்லாம் அதை முழுக்கக் காலி செய்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு நாள் வெயிலில் போடுவாள். வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கட்டி, பூஞ்சை பிடிக்காமல் சாம்பிராணி காட்டுவாள். பிறகு நிதானமாக அடுக்குவாள். மாற்றுப் புடவை மெழுகுத்துணியில், தீப்பெட்டி அரிசி போட்ட தகர டப்பாவில், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ள மடித்த கோணிச்சாக்கு, வறுத்த கடலை, ஊக்கு, நூல், ஊசி. அடுக்கிய பிறகு அவள் பைக்குள் பார்த்து நான் கண்டதில்லை. பேசிக்கொண்டே கையை விடுவாள், வேண்டியது கையோடு வரும். என் பையிலோ ஒரு சீப்பு எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் தரையில் கொட்ட வேண்டும்.

ஊர்ப் பெண்கள் என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். "பெரிய நர்சம்மா வரலீங்களா? அவுக பையில எல்லாம் இருக்குமே." பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அவள் அந்தப் பையை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கொடைக்கானலில் நிரந்தர இடம், மற்றவருக்குக் கீழே மாற்றல் வரும் என்று நிலையத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். கீழே வந்தால் அந்த மாதமே கல்யாணத்தை முடித்து வேலையை விடச் சொல்வதென்று அப்பா முடிவு கட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பைக்கடைக்கு எதிரிலேயே கடை. மலையில் இருக்கும்வரைதான் நான் நானாக இருக்க முடியும். அக்காவுக்கு என்ன கவலை, அவள் எங்கே போனாலும் பெயர் வாங்கிவிடுவாள் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

ஆனி பிறந்து மேற்கே மேகம் ஏறியதும் அக்கா மழைப்பை கட்டினாள். நான் படுத்திருந்தபடி ஓரக்கண்ணால் பார்த்து, மறுநாள் அச்சு அசலாக அதே மாதிரி கட்டினேன். கம்பளி, கோணிச்சாக்கு, மெழுகுத்துணி, ஒன்று விடவில்லை. அவளுக்கு அன்று பூம்பாறைப் பக்கம் முறை. எனக்கு அடுக்கம் என்ற கிராமம். பெருமாள்மலையில் இறங்கிக் கீழே நடக்க நடக்க மேகம் பின்னால் நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. முதுகில் மூட்டைக் கம்பளி, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. விறகுச் சுமையோடு எதிரே வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"என்ன நர்சம்மா, கம்பளி ஏவாரத்துக்கு வந்தீகளா? இங்க மனுசன் வேர்த்துக் கெடக்கான்."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை அன்று அடுக்கம் முழுவதும் பரவிவிட்டது. அது அக்காவின் சொந்த ஊர் வேறு. இரண்டே நாளில் அவள் காதுக்கு வந்தது. அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"இந்த மலையில மாசத்துக்கு ஒரு பைன்னு கெடையாது தங்கச்சி. எந்தப் பக்கம் எறங்குறமோ அந்தப் பக்கத்துக்கு ஒரு பை. ஆனியில மேக்க மழை. எங்க ஊருப் பக்கம் காத்தும் வெயிலுந்தான். ஐப்பசியில அங்கதான் ஊத்தும், அட்டையும் ஏறும்."

"பைக்கடைக்காரர் மகளுக்கே பை கட்டச் சொல்லித் தர்றீங்களாக்கும்" என்றேன் சிரித்துக்கொண்டே. அவளும் சிரித்துவிட்டு, என்னைக் கேட்காமலே என் பையை இழுத்து வைத்து அடுக்க ஆரம்பித்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாளே என்று எனக்குள் புகைந்தது. அவள் அடுக்கியபடியே அந்தப் பையை நான்கு மாதம் தூக்கினேன். சௌகரியமாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவளைப் பிடிக்கவில்லை.

ஐப்பசி வந்தது. அடுக்கத்துக்கு அவள் முறை. வெள்ளனே எழுந்து அடுப்படியில் இருந்த உப்பில் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்து, பையின் இடது அறையில் வைத்தாள். அட்டை ஏறினால் குச்சி நுனியில் அந்த முடிச்சைக் கட்டித் தொட வேண்டும், உதிர்ந்துவிடும். வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் எழுந்து போய் அதை எடுத்து, அவிழ்த்து, உப்பை ஜாடியிலேயே கொட்டிவிட்டு, துணியை அடுப்பில் போட்டேன். எதற்காக என்று கேட்டால், அந்தக் கை ஒரு தடவையாவது வெறுமனே வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பையே எடுத்தவள்.

சாயங்காலம் அக்கா திரும்பி வந்தபோது இரண்டு கால்களிலும் முழங்கால் வரை ரத்தம். அட்டை கடித்தால் வலிக்காது, ஆனால் லேசில் ரத்தம் நிற்காது. நான் வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டேன். அவள் கால்களைப் பார்க்கவே இல்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சேனே தங்கச்சி. எங்கையாலதான் வச்சேன். வச்சமாதிரி நெனச்சுக்கிட்டேனோ?"

"மறந்திருப்பீங்க அக்கா" என்றேன்.

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். மறுநாள் கிளம்பும்போது வாசலில் நின்று பையைத் திறந்து பார்த்தாள். அடுத்த வாரம் இரண்டு தடவை பார்த்தாள். தை மாத உறைபனியில் விரல் விறைக்க, வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வைப்பாள். பஸ் தவறியது. ஒரு நாள் அவள் போய்ச் சேர்வதற்குள் பிரசவமே ஆகிவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை, ஆனால் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ஒரே ரூம்ல இருக்கீங்க. அவளுக்கு என்ன ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பைக்கடைக்கு எதிர்க்கடை கண் முன்னே நின்றது.

"தெரியலைங்க டாக்டர். கொஞ்ச நாளா மறதி ஜாஸ்தியா இருக்கு" என்றேன்.

சித்திரையில் உத்தரவு வந்தது. எனக்கு நிரந்தரம். அக்காவுக்குக் கன்னிவாடி. டிரங்குப் பெட்டியைக் கட்டி முடித்தபிறகு, காக்கிப் பையை ஆணியிலிருந்து எடுத்து என் கட்டில்மேல் வைத்தாள்.

"அங்க மேகமும் இல்ல, அட்டையும் இல்ல. நீ வச்சுக்க தங்கச்சி. எனக்கு எங்கை மேலயே நம்பிக்கை போச்சு. நீ தெளிவான ஆளு."

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அப்போதும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு கடிதத்திலும் சொல்லவில்லை.

ஓய்வு பெறும்வரை அந்தப் பையைத்தான் தூக்கினேன். வார் மூன்று தடவை அறுந்து தைத்தது. எந்தப் பக்கம் இறங்குகிறேனோ அந்தப் பக்கத்துக்குத் தகுந்தபடி கட்டினேன். ஊர்ப் பெண்கள் என்னையும் பெரிய நர்சம்மா என்றார்கள், என் பையிலும் எல்லாம் இருக்கும் என்றார்கள். ஆனால் பார்க்காமல் கைவிட்டு எடுக்க எனக்கு ஒரு நாளும் வரவில்லை. மழையோ வெயிலோ, வாசல்படியில் பையை இறக்கி வைத்து இடது அறையைத் திறந்து உப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டடி போய்த் திரும்பி வந்தும் பார்ப்பேன். அது ஒரு தடவைகூட இல்லாமல் இருந்ததில்லை. அதை எடுக்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.