உட்காரத் தெரியாதவனுக்கு ஒரு நாற்காலி

கிளியோட்டிஸ் வர்னாடோவின் இடது காலுக்கு ஊரில் மூன்று பெயர்கள் இருந்தன. வீட்டில் அது தொல்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது போடும் ஆட்டத்தில் உப்புச் சிமிழ் மெல்ல நகர்ந்துபோய் விளிம்பிலிருந்து குதிக்கும். மவுண்ட் பிஸ்கா சபையில் அது பரிசுத்த ஆவி. மிஸ் எர்லினின் ஆட்டபாட்டக் கொட்டகையில் அதுவே தாளஞானம். கால் என்னவோ ஒன்றுதான்.

அந்தக் கால் அவனை எங்கேயும் நிலையாக இருக்க விட்டதில்லை. பள்ளிக்கூட பெஞ்சு அவனுக்குச் சரிப்படவில்லை. ராணுவத்தில் சேர்ந்தான், ஜெர்மனியில் அசையாமல் நிற்கும் காவல் வேலையைக் கொடுத்தார்கள். அங்கிருந்து சிக்காகோ இரும்பாலை. அங்கே எல்லாரும் சொந்த மண்ணான மிஸ்ஸிஸிப்பியை நினைத்து ஏங்கிக்கொண்டே இருந்தார்கள், யாரும் கிளம்பவில்லை. ஏங்காத கிளியோட்டிஸ்தான் கிளம்பி வந்தான். ஊரைச் சுற்றிய டெல்டாவில் பருத்திக் காட்டு இறைப்பு எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு காட்டில் எந்திரம் நின்றால் அங்கே போகவேண்டும், போவதற்குள் வேறொரு காட்டில் நிற்கும். அவனுக்காகவே செய்த உத்தியோகம்.

இப்படிப்பட்ட மனிதன் ஐம்பது வயதில் ஆசைப்பட்டது ஒரு நாற்காலிக்கு.

மவுண்ட் பிஸ்காவில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் உண்டு. சபைக் காரியங்களைக் கவனிக்கும் பெரியவர்களான டீக்கன்மார் உட்காருவது. அதில் ஒன்று காலியாகி, கிளியோட்டிஸை ஒரு வருஷம் சோதனையில் வைத்திருந்தார்கள். சோதனை வருஷம் அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. போதகர் சபையைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இளவயதில் கிளியோட்டிஸ் அதே மேடைக்கு முன்னால் இரண்டு தடவை நின்றிருக்கிறான், சபை பாவமென்று விலக்கிய நடனத்தை ஆடியதற்காக மன்னிப்புக் கேட்டு. அப்போது அந்த நாற்காலிகளிலிருந்து அவனைப் பார்த்த பார்வையை அவன் மறக்கவில்லை. ஒரு தடவையாவது அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

கோளாறு என்னவென்றால், லிட்டில் ஓசியா அதற்கு முந்தைய நாள் வந்துவிட்டான்.

லிட்டில் ஓசியா இந்த ஊர்க்காரன்தான், சிக்காகோவில் கிட்டார் வாசிக்கிறான். பேரில்தான் லிட்டில்; அவன் நுழைவதற்காக எர்லின் கதவின் இரண்டு பலகையையும் திறக்கவேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வந்து வாசிப்பான். அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் வெர்லீன் தன்னோடு வந்தவனை மேசையில் விட்டுவிட்டு, கிளியோட்டிஸோடு ஆட எழுந்தாள். அதன்பிறகு அவர்கள் அந்த இரவைத் தவறவிட்டதில்லை.

"இந்த ஒரு வருஷம் வேண்டாமே" என்றான் கிளியோட்டிஸ்.

வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளை அதட்டிச் சோறு போடுகிறவள். கண்ணாடி முன்னால் காதில் வளையம் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நாற்காலி நாளைக்குத்தானே? இன்னைக்கு நான்."

"யாராவது பாத்துட்டா?"

"போன வருஷம் பாக்கலையா?"

"போன வருஷம் நான் வெறும் ஆளு. இப்ப சோதனையில இருக்கேன்."

"நானும்தான் உன்னைக் கட்டின நாள்லேர்ந்து சோதனையில இருக்கேன். எனக்கு எந்த நாற்காலியாவது போட்டாங்களா? கிளம்பு மனுஷா."

கிளம்பினார்கள். ஆனால் கிளியோட்டிஸ் யோசனை பண்ணிக் கிளம்பினான், அதுதான் வினை. அவனுடைய பச்சை டிரக்கை எர்லினின் கொட்டகை முன்னால் நிறுத்தினால் பொழுது விடிவதற்குள் மாவட்டத்துக்கே தெரிந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி ஈ காக்காய் இல்லாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு: சபை. எனவே டிரக்கை மவுண்ட் பிஸ்காவின் பின்னால், கல்லறைகளுக்கு அருகே நிறுத்தினான். அங்கே தேங்கிய தண்ணீரோடு ஒரு கால்வாய். அதன்மேல் பலகைப் பாலம். பாலத்தைத் தாண்டி சோயா வயல் வழியே நடந்தால் எர்லினின் கொட்டகை. டிரக் ஓட்டிவந்த வேலைச் செருப்பை, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் அது, கழற்றித் தண்ணீரோரமாக ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கறுப்பு-வெள்ளை நடனச் சப்பாத்தை மாட்டிக்கொண்டான்.

"எவ்வளவு அழகா ஒளிக்கிறே! பேங்கைக் கொள்ளையடிக்கப் போற மாதிரி" என்றாள் வெர்லீன், குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தபடி.

எர்லினின் கொட்டகை தகரமும் பலகையும். கிறிஸ்துமஸ் விளக்குகளை வருஷம் முழுக்க கழற்றமாட்டாள். வெளியே ஒரு கார்கூட இல்லை. உள்ளே நிற்க இடமில்லை. இந்த அதிசயத்துக்குக் காரணம் என்னவென்று கிளியோட்டிஸ் யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. மூலையில் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

மிஸ் எர்லின், சோளமாவில் கறி வைத்து மட்டையில் சுற்றி அவித்த தமாலே தட்டோடு வந்து, அதன் ஆவிக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "உள்ளே இருக்கிறது கிளியோட்டிஸா, வெறும் தொப்பியா?"

"வெறும் தொப்பி" என்றாள் வெர்லீன். "ஆனா பசிக்கும். வச்சுட்டுப் போங்க."

கண் இருட்டுக்குப் பழகியதும் கிளியோட்டிஸ் தொப்பி விளிம்புக்குக் கீழே பார்த்தான். எதிர் மூலையில், இருட்டறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர். தலைமை டீக்கன் ஆம்ப்ரோஸ் குவார்ல்ஸ். மெம்ஃபிஸில் தங்கையைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னவர். பாடகர் குழுவின் முதல் குரல் சிஸ்டர் ஒஃபீலியா, பச்சைச் சப்பாத்தில், சபைப் பொருளாளரோடு ஆடிக்கொண்டிருந்தாள். குவார்ல்ஸ் அவனைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவனும் அவரைச் சுவராகப் பார்த்தான். எர்லினின் கொட்டகையில் பார்த்ததை ஞாயிறன்று பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது ஊர் வழக்கம். இருவருக்கும் அது தெரியும். அதில் கிளியோட்டிஸுக்குத் தைரியம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நாளைக்கு எழுந்து ஆட்சேபம் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

லிட்டில் ஓசியா முதல் கம்பியை இழுத்தான். அது ஒரே ஒரு சுரம்தான். ஆனால் அதை விடமாட்டேன் என்று வளைத்து, வளைத்து, இனிமேல் அறுந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி வைத்தான். கூட்டம், "சொல்லுப்பா! உள்ளதைச் சொல்லு!" என்று கத்தியது. ஞாயிறு காலை போதகருக்குக் கத்துவதும் இதே வார்த்தைதான்.

இடது கால் ஆரம்பித்தது. கிளியோட்டிஸ் வலது காலை அதன்மேல் போட்டு அழுத்தினான். இரண்டும் ஆடின.

வெர்லீன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் வந்து அவளை ஆடக் கூப்பிட்டார்கள், தலையசைத்து அனுப்பிவிட்டாள். கிளியோட்டிஸுக்கு அவள் யாரோடாவது எழுந்து போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போகாததுதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. எழுந்தான். உட்கார்ந்தான். பின்கதவு எங்கே என்று பார்த்தான். தமாலே மட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்தான்.

"கிளியோ" என்றாள் வெர்லீன், அவனைப் பார்க்காமல். "உன் உடம்புதான் இங்க உக்காந்திருக்கு. அந்தக் காலை மட்டும் கழட்டிக் குடு. நான் அதோட ஆடிட்டு வந்துடறேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் தொப்பி விழுந்தது. விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்தவன், குனிந்த வாக்கிலேயே அவள் கையைப் பிடித்து எழுந்தான்.

ஓசியாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவனுடைய கிட்டாருக்கு ஒரு நீளமான ஒயர். நடுப்பாட்டில் மேடையைவிட்டு இறங்கி, மேசைகளுக்கிடையே நடந்து, கதவைத் தாண்டி ரோட்டுக்கே போய் நின்று வாசிப்பான். ஆள் வெளியே, சத்தம் உள்ளே. அன்றைக்கும் வெர்லீனும் கிளியோட்டிஸும் ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒயரை இழுத்துக்கொண்டு வெளியே போனான். திடீரென்று கிட்டார் ஒரு கணம் தடுமாறியது. பிறகு வாசித்துக்கொண்டே உள்ளே வந்தான். ஊரில் சேதி எதுவாக இருந்தாலும் அதைப் பாட்டாகவே சொல்வது அவன் பழக்கம். அந்தப் பாட்டு வகையில் முதல் அடியை இரண்டு தடவை பாடவேண்டும். மூன்றாவது அடியில்தான் விஷயம் வரும். இதை அவசரத்துக்காக மாற்றமுடியாது.

"போதகர் டார்ச்சோட ரோட்டில நிக்கிறாரு..." என்று பாடினான்.

சிரிப்பு. யாரும் நம்பவில்லை.

"ஆமாங்க, போதகர் டார்ச்சோட ரோட்டில நிக்கிறாரு..."

இரண்டாவது தடவை அவன் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது அடி வருவதற்குள் சிஸ்டர் ஒஃபீலியா மேசைக்கு அடியில் இருந்தாள். பொருளாளர் மீன் பொரிக்கும் அறைக்குள் போய்விட்டார். தலைமை டீக்கன், கண்ணாடி கழன்று விழ, ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, பூனை நுழையமுடியாத சந்தில் நுழைந்துவிட்டார்.

"கிளியோட்டிஸ் தண்ணில விழுந்துட்டான்னு கழியால தேடிட்டு வந்திருக்காரு!"

நடன இடத்தில் கிளியோட்டிஸும் வெர்லீனும் மட்டும் நின்றார்கள்.

நடந்தது இதுதான். போதகர் தாடியஸ் ஹேர்ஸ்டன் மறுநாள் வைபவத்துக்காக மின்விசிறிகள் ஓடுகின்றனவா என்று பார்க்கச் சபைக்கு வந்திருக்கிறார். பின்னால் டிரக். தண்ணீரோரம் ஜோடியாக பூட்ஸ். ஒரு வாரமாகக் கிளியோட்டிஸ் சோறு தண்ணீர் இறங்காமல் அலைவது அவருக்குத் தெரியும். பாவம் மனிதன், பொறுப்பின் பாரம் தாங்காமல் போய்விட்டான் என்று முடிவுகட்டி, கழியை விட்டுத் துழாவியிருக்கிறார். பிறகு உதவிக்கு ஆள் தேடி, வெளிச்சம் தெரிந்த ஒரே இடத்துக்கு வந்து, ரோட்டில் வாசித்துக்கொண்டிருந்த ஓசியாவிடம் சொல்லியிருக்கிறார்.

பின்கதவு திறந்துதான் கிடந்தது. அதன் வழியாக வயலில் ஓடி, சபைக்கு முன்பக்கமாக வந்து, ஜெபத்தில் இருந்தேன் என்று சொன்னால் ஊரே அவனைக் கும்பிடும். கிளியோட்டிஸின் கால் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது.

வெர்லீன் அவன் கையை விட்டாள். "ஓடணும்னா ஓடு. நான் முன்வாசல் வழியாத்தான் வந்தேன், முன்வாசல் வழியாத்தான் போவேன்."

போதகருக்கு இடுப்பில் வலி. குளிர்காலத்தில் மேடையேறவே கைத்தாங்கல் வேண்டும். அந்த ஆள் இருட்டில் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். கிளியோட்டிஸ் வெர்லீனின் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தான்.

போதகர் முழங்கால்வரை சேறும், ஒரு கையில் பூட்ஸும், மறுகையில் டார்ச்சுமாக நின்றார். வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தார், பிறகு சப்பாத்தில், பிறகு மறுபடி முகத்தில்.

"பிரதர் வர்னாடோ. நீங்க உயிரோட இருக்கீங்க."

"ஆமா ரெவரெண்ட். மன்னிக்கணும்."

"உங்க அடக்க ஆராதனைக்கு வசனம்கூட யோசிச்சுட்டேன்யா!" அவர் குரல் உடைந்தது; கோபமா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "நல்ல வசனம் வேற."

"பத்திரமா வச்சிருங்க ரெவரெண்ட்," என்றாள் வெர்லீன். "வீணாப் போகாது."

போதகர் டார்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினார். விளக்குகள், காலி மேடை, பாதி குடித்த கோப்பைகள். ஒரு மேசை விரிப்புக்குக் கீழே பச்சைச் சப்பாத்தின் நுனி.

"உள்ள வேற யாரு?"

கிளியோட்டிஸ் திரும்பிப் பார்த்தான். சோதனை வருஷத்தின் கடைசி இரவு. ஒரு பொய் சொன்னால் டீக்கனாகத் தகுதியில்லை. உண்மை சொன்னால் டீக்கனாக்க ஆள் இல்லை.

"யாருமில்ல ரெவரெண்ட். நானும் வெர்லீனும்தான்."

"உங்க ரெண்டு பேருக்காகவா இவன் சிக்காகோவிலேர்ந்து வந்து இப்படி வாசிக்கிறான்?"

வாசலில் நின்ற ஓசியா தரையைப் பார்த்தான். "இந்த வருஷம் கூட்டம் கொஞ்சம் கம்மிங்க" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு மனசு எவ்வளவு வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது.

போதகர் பூட்ஸை நீட்டினார். "போட்டுக்குங்க. வயல்ல பாம்பு கெடக்கும்." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கிளியோட்டிஸ் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்: "ஒண்ணுமே சொல்லலையே? ஏன் ஒண்ணுமே சொல்லலை?" பாட்டு முடியவில்லை என்பது மட்டும்தான் வெர்லீனின் குறை.

மறுநாள் போதகர் சபையைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்பதற்கே மூன்று மாதம் சண்டை போட்ட சபை அது. ஒரு இருமல்கூட எழவில்லை. கழுத்தைத் திருப்பமுடியாமல் உட்கார்ந்திருந்த தலைமை டீக்கன் குவார்ல்ஸ் எழுந்து, "பிரதர் வர்னாடோவைப்போல விசுவாசமுள்ள மனுஷனை நான் பார்த்ததில்லை" என்றார். சிஸ்டர் ஒஃபீலியா பாட்டில்லாத இடத்தில்கூட ஆமென் பாடினாள்.

கிளியோட்டிஸ் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். இங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிந்தது, அதுதான் சிக்கல். தெரிந்த முகங்கள் எல்லாம் இனி சாகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். வெல்வெட் முதுகில் குத்தியது. எழுந்திருக்கவும் முடியாது.

போதகர் கைகுலுக்கக் குனிந்தபோது காதோடு சொன்னார்: "அடுத்த வருஷம் அந்த ஆளு எந்தச் சனிக்கிழமை வர்றான்னு முன்னாடியே சொல்லிடுங்க டீக்கன். அன்னைக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

இரண்டாம் வரிசையில், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே, வெர்லீன் பெஞ்சின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். நேற்று பாதியில் நின்ற தாளம்தான். இடது கால் அதைக் கேட்டுவிட்டது.

"ஆவியானவர் இறங்கிட்டார்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.