மஞ்சள் வைத்த மார்க் ஷீட்

சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிய கவரை உங்களில் யாராவது கனடாவுக்கு அனுப்பியிருக்கிறீர்களா? போன மாதம் நான் அனுப்ப இருந்தேன். நல்லவேளை, கூரியர் கடைக்குப் போகும் முன்பே கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் அக்காவின் மகள் தேன்மொழி, பெரம்பலூரில் பி.ஃபார்ம் படித்தவள். அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சில வருஷம் வேலை பார்த்தாள். டோஸ் தப்பாக இருந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்கிற ரகம். கல்யாணமாகிக் கனடா போனாள். அங்கேயும் மருந்துக்கடையில் வேலை கிடைத்தது — ஷாம்பு பாட்டில் அடுக்கும் வேலை! மாத்திரைப் பக்கம் கை போகக் கூடாது. ஏன்? இவள் படித்தது படிப்புதானா என்று அதற்கென்றே அங்கே இருக்கும் ஒரு ஆபீஸ் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்கப்புறம்தான் பரீட்சை.

சரி, மருந்து விஷயம், கண்டவர் கையில் கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் கேட்கிற சமாசாரங்கள் இருக்கிறதே... மார்க் ஷீட், பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்ற விவரம் — எல்லாவற்றையும் கல்லூரியே கவரில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தித் தர வேண்டும். வழியில் யாரும் பிரிக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் இந்தத் தடவை பார்ப்பார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் ஷாம்பு.

"மாமா, நீங்கதான் காலேஜுக்குப் போயிட்டு வரணும்" என்றாள் போனில்.

போனேன். போய்க்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கிளார்க் லீவு. ஒரு நாள் முதல்வருக்கு மீட்டிங். ஒரு நாள் இருவருமே இருந்தார்கள் — முத்திரை இருந்த பீரோவின் சாவி இல்லை. "எத்தனை மணி நேரம் நடத்துனோம்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க சார்" என்றார் கிளார்க், ஏதோ நான் அவர் குடும்ப விவகாரத்தைத் துருவியது போல.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வந்தது. பளிச்சென்ற முத்திரையோடு ஜெயங்கொண்டம் வந்து இறங்கினால், கூரியர் கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று அக்கா வீட்டில் கொடுத்துவைத்தேன்.

திங்கட்கிழமை காலை. அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், முந்திரிக் கொல்லையைத் தவிர வேறெதைப் பற்றியும் அதிகம் பேசாத மனிதர், முகமெல்லாம் சிரிப்பாகக் கவரை நீட்டினார். முத்திரை இரண்டாகப் பிளந்திருந்தது. ஓரத்தில் ஒரு பருக்கை எட்டிப் பார்த்தது.

"என்ன அத்தான் இது?"

"பிரிச்சு மஞ்ச வச்சேன் மாப்ள. நாலு மூலைக்கும். ஒரு தாளு விடல. சாமிகிட்ட வச்சுக் கும்புட்டுட்டுத் திரும்ப ஒட்டிட்டேன். வூட்ல பசை இல்ல, அதான் சோறு."

"யாரும் பிரிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"அது மத்தவங்களுக்குல்ல? நான் அவ அப்பன். நல்ல காரியத்துக்கு வெறுந்தாள எப்புடி அனுப்புறது?"

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பைக் வாங்கினால் மஞ்சள், கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள், எல்லாம் சரி... கனடா ஆபீசுக்குமா? "அவரும் நல்லதுக்குத்தானே பண்ணாரு" என்று அக்கா குறுக்கே வந்தாள். அவளுக்கும் சேர்த்து விழுந்தது.

தேன்மொழிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பாவத் திட்டிட்டீங்களா மாமா?"

"திட்டிட்டேன்."

"அப்ப நான் தனியா திட்ட வேணாம்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுபடியும் பெரம்பலூர். இந்த முறை அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன். கிளார்க் தாள்களைப் புரட்டினார். மஞ்சளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அடுத்த சாவிக் கதைக்கு நான் தயாராக நின்றேன். "எம் பொண்ணா இருந்தா நானும் வச்சிருப்பேங்க" என்று எழுந்து போனவர், மதியத்துக்குள் புதுத் தாள்களைப் புதுக் கவரில் போட்டு முத்திரையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! இத்தனை நாள் எங்கே ஐயா இருந்தது அந்தச் சாவி?

கவரை அத்தானைத் தொடக்கூட விடவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்து, நேரே கூரியர் கடைக்குப் போனேன்.

"உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டார் கவுன்டரில் இருந்த பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "எம் பொண்ணு படிச்ச படிப்பும்மா."

அதற்குப் பிறகு அவர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

கவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று பதிலும் வந்தது: கிடைத்தது, முடிவு சொல்லச் சில மாதங்கள் ஆகும், காத்திருக்கவும். இதற்குத்தானா இந்த ஓட்டம்? தேன்மொழி இன்னும் ஷாம்புதான் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சள் வைத்த அந்தப் பழைய தாள்களைத் தூக்கிப் போட அத்தானுக்கு மனசில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இதுவரை தேன்மொழியின் படிப்பை அங்கீகரித்திருக்கும் ஒரே ஆபீஸ் அதுதான்!