ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கிளினிக் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. வெள்ளைச் சப்பாத்துப் போட்ட புருஷனும் பெண்சாதியும் கடற்கரையில் கைவீசி நடக்கிறார்கள். தினமும் அரைமணி நேரம் நடந்தால் பிரஷர் வராதாம். அதன் கீழே இருக்கும் நீள வாங்கில் உட்கார்ந்துதான் மாதாமாதம் நானும் அக்காவும் காத்திருப்போம். அக்கா ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். விடிந்ததிலிருந்து சாயந்திரம் வரை செங்குத்து மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு நடக்கச் சொல்லிப் புத்தி சொல்கிற அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிழித்துப் போடவேண்டும் போலிருக்கும்.

நான் டவுனில் துணிக்கடையொன்றில் வேலைக்கு நிற்கிறேன். அக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் டொக்டர் ஏசுவாரென்று பயந்து என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். அவர் கெட்ட மனிதரில்லை. ஆனால் அக்காவின் பிரஷர் எந்த மாதமும் இறங்கவில்லை, அவருக்கும் பொறுமை போய்விட்டது. ஒருநாள் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்துவிட்டது என்றார். இப்படியே போனால் மெஷினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்யவேண்டி வரும், அதற்குப் பிறகு மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். கருவாட்டை நிறுத்து, உப்பைக் குறை, தண்ணீர் நிறையக் குடி என்று வழக்கமான பாட்டையும் பாடினார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய் அடுப்புக்கு மேலே தொங்கிய கருவாட்டைத் தூக்கி எறிந்தேன். கோதுமை மா ரொட்டிக்குப் பதிலாகக் குரக்கன் ரொட்டி சுடவைத்தேன். கட்டச் சம்பலில் உப்பில்லையென்று அக்காவின் புருஷன் முணுமுணுத்தார். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் செய்தாள். அடுத்த மாதமும் பிரஷர் அங்கேயே நின்றது.

"மாத்திரை குடிக்கிறேன்னு பொய் சொல்றாங்க" என்று டொக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார், அக்கா அங்கே இல்லாதது போல. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தீபாவளி லீவுக்கு தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டில் தங்கினேன். மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அக்கா உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினாள். ஒன்றை மட்டும் பொறுக்கித் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள்.

"அது என்னா, அத ஏன் போடல?"

"அது ஞாயித்துக்கிழமைக்கு."

"எல்லா நாளும்தானே எழுதியிருக்கு?"

அக்கா கூடையைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது தண்ணி மாத்திரை புள்ள. குடிச்சா நிக்காம ஒன்னுக்குப் போகணும். மலையில எங்க போய் உக்கார்றது? கங்காணி ஆம்பள. கீழ ரப்பர் வெட்டுறவங்க நிப்பாங்க. தண்ணிகூட நாங்க குடிக்கிறதில்ல. எங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். ஞாயித்துக்கிழம வீட்ல இருக்கையில குடிச்சிக்கிறோம்."

கக்கூஸ் இல்லாத மலையில் பெண்கள் எல்லாரும் தாங்களாகவே பழகிக்கொண்ட முறை இது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கருவாட்டைக் குற்றவாளியாக்கி அவள் நாக்கின் ருசியையும் பிடுங்கிக்கொண்டோமே. டொக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "அந்த மனுசன்கிட்ட இதச் சொன்னீனா நான் கிளினிக் பக்கமே வரமாட்டேன்" என்றாள். வெட்கம் சிறுநீரகத்தைவிடப் பெரிதாக இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நாளில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள், அக்காவோடு நானும் போனேன். தொற்றா நோய்களைப் பற்றிப் பேச டவுனிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். உங்கள் வாழ்க்கை முறையை நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். நான் எழுந்து நின்று, மலையில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தந்தால் பாதி வாழ்க்கை முறை மாறிவிடும் என்றேன். அது தோட்டத்தின் பொறுப்பு, இன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச வந்தோம் என்றார் அவர். வாசலில் நின்ற தோட்ட நிர்வாகத்துச் சின்னத் துரை, அது அரசாங்கம் செய்யவேண்டியது என்றார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து எல்லாருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

அக்கா வழி முழுக்க என்னை ஏசினாள், தொரை முன்னாடி மானத்தை வாங்கிவிட்டேனாம். ஆனால் கூட்டத்தில் பேச்சு வெளியே வந்துவிட்டதால் அவளோடு பறிக்கும் பெண்களுக்கும் வாய் திறந்துவிட்டது. புடவை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு எல்லோரிடமும் உண்டு. அதில் இரண்டை அவிழ்த்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறைப்புக் கட்ட ஆரம்பித்தார்கள். கங்காணி கத்தினால் மேலே பார்த்துக் கத்தச் சொன்னார்களாம். அக்கா எல்லா நாளும் மாத்திரை போட்டாள், தண்ணீரும் குடித்தாள். பிரஷர் இறங்கியது.

டொக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவை வாங்குக்கு முன்னால் நிறுத்தி, சாப்பாட்டில் என்னென்ன மாற்றினாய் என்று மற்றவர்களுக்குச் சொல் என்றார். வாங்கில் முக்கால்வாசி தோட்டத்துப் பெண்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் காது சிவந்திருந்தது. பிறகு தமிழில் சொன்னாள். மாத்திரையை எடுத்து வைத்தது, படங்கு பிடித்தது, ஒன்றையும் விடாமல். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "மழைன்னா எப்படி அக்கா புடிப்பீங்க?" என்று கேட்டாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் என்ன சிரிப்பு என்றார். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை மூடி அக்காவிடம் நீட்டினார். பிறகு, அதெல்லாம் எங்கள் வேலையில்லை, தோட்டத்தில் கேளுங்கள் என்றார்.

தோட்டத்தில் கேட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கிளினிக் கொப்பியை அவருடைய மேசையில் திரும்ப வைத்து, அவள் வாயால், அவருடைய மொழியிலேயே கேட்டாள்.

"அப்ப இந்த மாத்திரைய எந்த எடத்துல வச்சு குடிக்கணும்னு அதையும் எழுதித் தாங்க டொக்டர்."

அவர் எழுதவில்லை. அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.