பார்க்காமல் கொடுத்த வட்டு

1997 ஆகஸ்ட் 11: மாதச் சம்பளம் 18,000 தெங்கே.
2001 ஜூன் 4: மாதம் 65,000 தெங்கே, ஓர் அறை வீடு.
2006 ஜூலை 20: மாதம் 2,10,000 தெங்கே.
2009 மார்ச் 14: அபராதம் 50,000 தெங்கே. விசாரணை முடியும்வரை சம்பளம் இல்லை.

கென்சாய் ஊரின் பனி ஹாக்கி அணியில் தோலெகென் அப்திகாலிகொவ் பன்னிரண்டு பருவங்கள் தடுப்பாட்டம் ஆடினார். அப்பா ஈய உருக்காலையில் உலைக்காரர். உருக்காலைப் பிள்ளைகள் எல்லோரையும் போல முற்றத்தில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்த பனியில் ஆடப் பழகியவர். கோல் போடும் ஆசையில்தான் அணிக்கு வந்தார். உடம்பு பெருத்து வேகம் குறைவாக இருந்ததால் பயிற்சியாளர் கென்னடி பாவ்லொவிச் அவரைப் பின்னால் தள்ளினார்.

"எதிர்ல வர்றவன் கண்ண நம்பாத, மட்டைய நம்பாத. நெஞ்சப் பாரு. அது திரும்புற பக்கம்தான் ஆளு போவான்."

பின்னோக்கிச் சறுக்கியபடியே தோலெகென் நெஞ்சுகளைப் பார்த்துக் காலம் தள்ளினார். மூக்கு இரண்டு முறை உடைந்தது. முன்பற்கள் நான்கு போயின. அவர் போட்ட கோல்கள் மொத்தம் ஒன்பதுதான்.

களத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒருவர் மட்டுமே: ஜோடி எத்வார்த் கெல்லர். ஒருவரையொருவர் எதிக், தோலிக் என்றுதான் கூப்பிடுவார்கள். தடுப்பாளர்கள் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை மூலையில் எடுப்பவருக்கு முதுகில் எதிரி மோதிக்கொண்டிருப்பான், திரும்பிப் பார்க்க முடியாது. ஜோடி மட்டையால் பனியைத் தட்டித் தான் நிற்கும் இடத்தைத் தெரிவிப்பார். கெல்லர் இரண்டு தட்டு சேர்த்துத் தட்டி, சற்று விட்டு இன்னொன்று தட்டுவார். அது காதில் விழுந்தால் தோலெகென் பார்க்காமலே வட்டைப் பின்னால் தள்ளிவிடுவார்.

2008 கோடையில் கெல்லர் இரட்டைச் சம்பளத்துக்குக் கரசு ஊர் அணிக்குப் போனார்.

2009 மார்ச் 12 அன்று இறுதி ஆட்டம், கென்சாய்க்கும் கரசுவுக்கும். இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி நிமிடங்களில் தோலெகென் தன் கோலுக்குப் பின்னால் மூலையில் வட்டை எடுத்தார். முதுகில் ஒருவன் மோதினான். பின்னால் பனியில் இரண்டு தட்டு, சற்று விட்டு ஒன்று. வட்டைத் தள்ளினார். அது நேராகக் கரசுச் சட்டை போட்ட கெல்லரின் மட்டைக்குப் போனது. அடுத்த நொடி வலைக்குள் கிடந்தது.

கென்சாய் தோற்றது. மறுநாளே பேச்சு கிளம்பியது. பேருந்து நிலையத்துப் பந்தயக் கடையில் யாரோ கரசு மேல் பெருந்தொகை கட்டியிருந்தார்களாம். ஆட்டத்துக்கு முந்தின நாள் கெல்லர் தோலெகென் வீட்டுக்குச் சாப்பிட வந்ததும், கையில் கனமான பை இருந்ததும் அடுக்ககம் முழுவதும் தெரிந்திருந்தது.

ரொட்டிக் கடைக்காரி எப்போதும் மரியாதையாகத் 'தோக்கே' என்றுதான் கூப்பிடுவாள். அன்று சொன்னாள்: "அப்திகாலிகொவ், சில்லறையா குடுங்க. பெரிய நோட்டெல்லாம் இப்ப உங்ககிட்டதான் இருக்கும்."

வரிசையில் ஒருவர் கேட்டார்: "அந்தப் பையில என்னதான் இருந்துச்சு?"

"குதிரைக்கறித் தொத்திறைச்சி."

"அம்புட்டும் தின்னு தீத்துட்டீங்களா? ஒரு துண்டு மிச்சமிருந்தா நம்புவோம்."

வீட்டில் மனைவி ஷோல்பானிடம் மட்டும் தட்டல் சத்தத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நெசமாவே கேட்டுச்சா? இல்ல, யோசிச்சு வெச்சதா?"

"உனக்குமா சந்தேகம்?"

"விசாரணையில இதத்தாங்க கேப்பாங்க. அதான் நானும் கேக்கறேன்."

அவள் சொன்னபடியேதான் ஆனது. ஹாக்கிச் சங்கத்தின் மூவர் குழு, தட்டியதாகக் கெல்லர் எழுதித் தந்தால் பரிசீலிப்போம் என்றது. தட்டியோ கூப்பிட்டோ எதிராளியை ஏமாற்றுவது விதிப்படி குற்றம், ஆட்டக்காரர்களிடையே அதைவிடப் பெரிய அசிங்கம். அப்படி எழுத யார் முன்வருவார்? எழுதாவிட்டால் தோலெகென் ஆட்டத்தை விற்றவர். முப்பத்தொரு வயதில் எந்த அணியும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

ஏப்ரல் முதல் ஞாயிறு கரசுவுக்குக் கார் ஓட்டிப் போனார். கெல்லர் அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எதிக், தட்டினியா?"

"தட்டினேன். என் புது ஜோடிக்கு."

"அவன் அப்ப எங்க இருந்தான்?"

"எதுத்தாப்ல."

கண் அசையவில்லை, குரலும் அசையவில்லை. தோலெகென் அவர் நெஞ்சைப் பார்த்தார். அது கார்க் கதவுப் பக்கம் திரும்பியது.

"அவன் பெஞ்சில உக்காந்திருந்தான்டா. நான் ஆட்டப் படத்தப் போட்டுப் பாத்துட்டேன்."

கெல்லர் பையைக் கீழே வைத்தார். "நீ குடுப்பேன்னு நெனக்கல தோலிக். என் சட்ட மாறியிருக்கே, இந்தத் தடவ நீ திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன்."

"பதினோரு வருசத்துல ஒரு தடவயாச்சும் பாத்திருக்கேனா?"

"இல்ல."

"அத எழுதிக் குடு."

"எழுதினா அடுத்த பருவம் எனக்கு இல்ல. ரெண்டு புள்ள இருக்குடா."

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தோலெகென் காரில் ஏறினார்.

ஏப்ரல் 27 அன்று கெல்லரின் வாக்குமூலம் குழுவுக்கு வந்தது. தட்டியது நான், ஏமாற்றத்தான் தட்டினேன், அவருக்கு எதுவும் தெரியாது என்று ஒரு பக்கம். கெல்லருக்கு ஒரு பருவத் தடை விதித்தார்கள். தோலெகென் விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். குழுத் தலைவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏப்ரல் அஞ்சாம் தேதி நீங்க கரசுல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எதுக்கு?"

"உண்மைய எழுதச் சொல்ல."

"எழுதச் சொல்ல" என்று தலைவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் கென்னடி பாவ்லொவிச் நின்றிருந்தார். கை கொடுக்கவில்லை. "நீ கரசுவுக்குப் போகாம இருந்திருந்தா அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருந்திருக்கும். இப்ப ரெண்டு பேரும் சேந்து உக்காந்து எழுதினதா இல்லையான்னு எனக்கே தெரியலயே."

"நெஞ்சப் பாருங்க" என்றார் தோலெகென்.

"கோட்டு போட்டிருக்கியே" என்றார் கிழவர். அது கிண்டலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

சங்கத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. அபராதம் திருப்பித் தரப்படும், நிறுத்திய சம்பளம் கிடைக்கும், ஒப்பந்தத்தை அணி நீட்டிக்காது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். குற்றமற்றவர் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று ஷோல்பான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இல்லை. அந்தக் கடிதம் வந்த நாள் 2009 ஜூன் 9, செவ்வாய்.