எனக்கு நானே போட்ட ஒன்று

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மகளோடு கிளாஸ்கோவுக்கு வந்தபின் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில், செய்த வேலைக்கு நாமே மார்க் போட வேண்டுமாம். போன வருடம் ஒரு தாள் தந்தார்கள். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் மிக நன்று.

அங்கே இருந்த மேரியம்மாவுக்குத் தொண்ணூறு வயது. அவருக்கு ஊட்டுவது என் வேலை. கரண்டியைக் கீழுதட்டில் தொட்டுவிட்டு, விழுங்கும்வரை காத்திருப்பேன். மற்றவர்களிடம் வாயை இறுக்கிக்கொள்வார். என்னிடம் கிண்ணம் காலியாகும். அது தெரிந்தும் எல்லாக் கட்டத்திலும் ஒன்று போட்டேன்.

மேலாளர் பெண் விழித்தாள். "உங்க வேலை நல்லா இல்லைன்னா நினைக்கிறீங்க?"

"யூ சீ, யூ சே," என்றேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்ற மரியாதைதான் அது. அவள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

இலங்கையில், வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கூடையை இறக்கியதும் கங்காணி கொழுந்துக்குள் கையை விட்டுக் கிளறுவார். முத்தின இலை ஒன்று அகப்பட்டாலும் ஏச்சுத்தான். "நல்லாத்தான் எடுத்திருக்கேங்க" என்று முந்திக்கொண்டவளுக்கு இரண்டு மடங்கு. அதனால் அவர் கேட்குமுன்பே, "கொஞ்சம் முத்தல் கெடக்குங்க" என்பேன். கிடக்காது. என் விரலுக்குத் தெரியும். பக்கத்து நிரை லெட்சுமி சிரிப்பாள்.

"ஏன்டி, ஒன் கூடையில என்னா கெடக்குன்னு கங்காணிதான் சொல்லணுமா? அப்ப நாளைக்கு அவரையே கொழுந்தெடுக்கச் சொல்லு, நீ தொப்பியப் போட்டுக்கிட்டு நில்லு!"

நானும் சிரித்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டேன்.

தாள் கொடுத்த மறுவாரம் என்னைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். பயிற்சி எடுத்தபிறகுதான் ஊட்டலாமாம். வீட்டில் வந்து அழுதேன்.

"ஏம்மா, ஒன்னையத்தானே கேட்டாங்க? வேல தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப அழுவுற!" என்றாள் மகள்.

தைரியம் வர மூன்று வாரமானது. புதுத் தாள் கேட்டு வாங்கி, ஊட்டுவதற்கு நேரே ஐந்து போட்டேன். போட்ட கை இந்த ஊருக்குப் பழகிவிட்டது. கால் மட்டும், ஏச்சு விழும் என்று, தானாக ஓரடி பின்னால் போனது.

மேலாளர் வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மேரியம்மா சாப்பிடாமல் மெலிந்து, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். திரும்பி வரவில்லை.

நாள் கணக்கு, வயது எல்லாம் தப்பியிருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். மேரியம்மாவுக்கு நான் நன்றாக ஊட்டினேன். அதை மட்டும் திருத்த வேண்டாம்.