முப்பது கேமராவும் நான்கு முட்டையும்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அபிராமபுரத்தில் ஆட்டோ ஏறினேன். மதுரையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தேன். ஊருக்கு ரயில் பிற்பகலில்தான். கைபேசியில் பார்த்த ஒரு படம் என்னை உட்காரவிடவில்லை. அடையாறு கடலில் சேருமிடத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில், வெறும் மணலில் ஆட்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள். படத்தோடு வழியும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பாலத்தருகே இருக்கும் மீனவர் குடியிருப்பான ஊரூர்க்குப்பம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் செல்வத்துக்கு ஒரே ஆச்சரியம்.

"அங்க இன்னா மேடம் கீது? காலைல இது மூணாவது சவாரி. எல்லார் கைலயும் இம்மாம்பெரிய கேமரா!"

"ஒரு பறவை முட்டை வெச்சிருக்கு."

"முட்டைக்கா இவ்ளோ கூட்டம்?" வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரும் கூடவே நடந்தார்.

ஒன்பது மணிக்கு முன்பே மணல் சுடத் தொடங்கியிருந்தது. முப்பது பேராவது இருப்பார்கள். முட்டைகளைச் சுற்றி வட்டமாக மண்டியிட்டிருந்தார்கள். தலைக்கு மேலே தாய்ப்பறவை கத்திக்கொண்டே சுற்றியது. இறங்க வந்து, ஆட்களைப் பார்த்து, மறுபடி மேலே போனது. நானும் எட்டிப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னலே செஞ்சு வச்சிருக்க, தினேஷு?"

ஜெயந்தி. தி.நகரில் குடும்பத் துணிக்கடை. ஞாயிறுதோறும் இங்கே பறவை பார்க்க ஆட்களை அழைத்து வருபவர். கோபம் வந்தால் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும் என்று பிறகு அவரே சொன்னார். அவர் கேட்டது, படத்தைப் போட்ட தினேஷை. அவருடைய குழுவில் இருக்கும் இளைஞர்.

"அக்கா, நான் போடுற படத்தைப் பாத்துத்தானே இந்த இடமே ஜனங்களுக்குத் தெரியுது? போன மாசம் குப்பை பொறுக்க வந்தாங்களே, அவங்களும் அப்படி வந்தவங்கதான்!"

"அது நெசம்தான். இந்த வெயில்ல முட்டை வெந்துட்டா அதுவும் நெசம்தான்."

யாரோ சிந்திய முறுக்குத் துண்டுக்கு இரண்டு காக்கைகள் வந்திருந்தன. அதில் ஒன்று முறுக்கை விட்டு முட்டைப் பக்கம் தத்தியது. கேமராவைப் போட்டுவிட்டு ஓடினார் தினேஷ். கையை வீசி அதை விரட்டினார். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க! பாலத்துக்குப் போயிடலாம். அங்கேர்ந்தே காட்டுறேன்!"

சிலர் முணுமுணுத்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தேன் என்றார் ஒருவர். நான் மதுரையிலிருந்து வந்தவள் என்று சொல்லி நடந்தேன்; அவரும் எழுந்தார். முறுக்குத் துண்டுகளைச் செல்வம் பொறுக்கிக்கொண்டார்.

பாலத்தடியில் தினேஷ் தன் நீண்ட லென்ஸை முக்காலியில் நிறுத்தி, ரேஷன் கடைபோல வரிசை கட்டச் சொன்னார். பறவை மணலில் இறங்கியது. ஆனால் முட்டைக்குப் போகவில்லை. நேரே ஆற்றோரம் ஓடி, நீரில் வயிற்றை அமிழ்த்தி அமிழ்த்தி எழுந்தது. பிறகு சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. சூட்டைத் தணிக்க அப்படிச் செய்யும் என்றார் ஜெயந்தி. எத்தனையோ வருஷமாக வருகிறாராம், அவரே இன்றுதான் பார்க்கிறாராம். அவர் கண் கலங்கியிருந்தது.

லென்ஸில் கண்ணை வைத்திருந்த செல்வம் கத்தினார்: "இன்னா மேடம் இது, குளிச்சிட்டுத் துவட்டாம வந்து குந்திக்கிச்சு!"

சிரிப்பில் பாலமே அதிர்ந்தது. பெங்களூர்க்காரர் தோளைக் குலுக்கிக்குலுக்கிச் சிரித்தார். தினேஷ் வழியைப் பதிவிலிருந்து நீக்கினார். படம் இருக்கட்டும் என்று ஜெயந்தியே சொல்லிவிட்டார். வெயில் இறங்கும்வரை காக்கை விரட்ட ஆறு பேர் முறைபோட்டுக்கொண்டார்கள். ஆறு பேரும் அன்று புதிதாக வந்தவர்கள்.

ரயிலில் ஊர் நினைவு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கண்மாய். நாரைகள் வருவதை நாங்கள் நான்கு பேர் யாரிடமும் சொல்லாமல் காத்தோம். கட்டட இடிபாடுகளைக் கொட்ட லாரிகள் வந்தபோது, கேள்வி கேட்கவும் அந்த நான்கு பேர்தான் இருந்தோம். பாதிக் கண்மாய் போய்விட்டது.

விழுப்புரம் தாண்டியதும் அந்த நால்வரில் ஒருத்தியான கலாவைக் கூப்பிட்டேன். "வர்ற ஞாயித்துக்கிழமை கண்மாய்க்கு ஒரு இருபது பேரைக் கூட்டிட்டுப் போவமாடி?"

"இருபது பேரா! நாரையெல்லாம் பறந்துறாதா?"

"எங்க நிக்கணும்னு முதல்ல சொல்லிக் குடுத்துருவோம்."

அவள் பெயர்களை முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு, "எங்க தெருவுலேயே எட்டுப் பேர் தேறுவாங்க" என்றாள்.